பிள்ளைக் காம்பராவும் பிள்ளை வளர்ப்பும்

பதுளை நகரிலிருந்து கீழ்த்திசை நோக்கிச் செல்லும் பெருவழி, பசறையைக் கடந்து, லுணுகலையைத் தொட்டு, பிபிலை வழியாகச் செங்கலடியை அடைகின்றது. அவ்வழியே மட்டக்களப்புக்குப் பயணம் செய்தவர்கள், தேயிலை மலைகள் மெல்ல மெல்லத் தணிந்து சமவெளிக்கு வழிவிடும் இடத்தில் லுணுகலை அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே மழை விடாது பெய்யும். ஆடி ஆவணியிலே கச்சான் காற்று வீசும். மழையானாலும் காற்றானாலும், பொழுது புலரும் வேளையில் அம்மலைகளில் தவறாது நிகழும் காட்சி ஒன்று உண்டு.

பெரட்டுக்குப் பேர் கொடுக்கச் செல்லும் தாய், ஒரு கையில் கொழுந்துக் கூடையும் மறு கையில் துணியிற் சுற்றிய குழந்தையுமாக லயத்தின் படியிறங்கி வருகிறாள். வழியிலே பிள்ளைக் காம்பரா. வாயிலில் நிற்கும் ஆயம்மாவிடம் குழந்தையை நீட்டுகிறாள். குழந்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. தாய் திரும்பிப் பாராமலே மலைக்கு ஏறுகிறாள். பார்த்தால் கால் எழாது என்பது அவளுக்குத் தெரியும்.

குழந்தை கை மாறும் அந்த ஒரு கணத்தைப் பற்றியதே எனது இன்றைய பேச்சு. குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், தாய் எந்நேரமும் குழந்தையின் அருகில் இருக்கிறாள் என்ற எண்ணத்தோடு பேசுவார்கள். காலை ஏழு மணிக்கு மலையேறி மாலையில் இறங்கும் தாய்க்கு அவ்வறிவுரை எவ்வாறு பொருந்தும்? அவளுடைய குழந்தையும் செம்மையாக வளர வேண்டும் அன்றோ? அதற்கு வழி என்ன என்பதையே ஆராய விரும்புகிறேன்.

முதலில், வளர்ச்சி என்பது யாது? உடல் பெருப்பது மட்டும் வளர்ச்சி ஆகாது. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையிலே குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து வைத்தார்கள். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடும் பருவம். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி: இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம். பதின்மூன்றாம் மாதத்தில் வருகை: தளர்நடை நடந்து வரும் பருவம். பதினைந்தாம் மாதத்தில் அம்புலி: வானத்து நிலவைச் சுட்டி, விளையாட வாவென்று அழைக்கும் பருவம். புலவர்கள் தெய்வத்தையும் அரசரையும் பாடுவதற்காக வகுத்த பகுப்பாயினும், அது வீட்டிலே குழந்தையை உற்று நோக்கிய கண்களிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. இன்றைய குழந்தை வைத்தியரும் ஏறக்குறைய இந்த ஒழுங்கையே கூறுகின்றனர். இரண்டாம் மாதமளவில் முகம் பார்த்துச் சிரித்தல், நான்காம் மாதமளவில் தலை நிற்றல், எட்டாம் மாதமளவில் பிடியின்றி உட்காருதல், ஒரு வயதையொட்டி முதற் சொல், பதினெட்டு மாதத்துக்குள் நடை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதல் என்பன அவர்கள் பார்க்கும் அடையாளங்கள். சில பிள்ளைகள் சற்று முந்துவர். சிலர் சற்றுப் பிந்துவர். ஆனால் ஒழுங்கு ஒன்றே.

உடலின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நல்ல முறையில் வளரும் குழந்தை, பிறந்தபோது இருந்த நிறையை ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காக்குகிறது. ஒரு வயதில் மூன்று மடங்காக்குகிறது. பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்றிமீற்றர் நீளமுள்ள குழந்தை ஓராண்டில் 75 சென்றிமீற்றரை எட்டுகிறது. இவ்வளவினும் வியப்புக்குரியது மூளையின் வளர்ச்சி. பிறக்கும்போது வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழக் கால்பங்கு அளவுள்ள சிசுவின் மூளை, இரண்டு வயதாகும்போது ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. தாயின் வயிற்றிற் கரு உண்டான நாள்முதல் இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறக்குறைய ஆயிரம் நாட்கள். இந்த ஆயிரம் நாட்களில் இடும் அத்திவாரத்தின் மீதே பின்னாளில் பாடசாலையும் தொழிலும் வாழ்வும் எழுப்பப்படுகின்றன.

நமது தோட்டங்களில் இந்த அத்திவாரம் எவ்வாறு இருக்கிறது? 2016ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் நடத்தப்பெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதவர் நாடளாவிய முறையில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். அதாவது பிள்ளைக் காம்பராவில் ஒன்பது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால், அவர்களுள் மூவரளவில் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை.

இதைச் சொன்னவுடன் பலர் ஒரு சமாதானம் கூறுவர். நிறை பார்க்க வரும் மருத்துவ மாதிடம், "நாங்க எல்லாரும் கட்டைதானுங்க மிஸ்ஸி, பிள்ளையும் எங்கள மாதிரித்தானே இருக்கும்" என்று அம்மாயி சிரித்துக்கொண்டே சொல்லுவார். படித்தவர்கள் இதையே மரபு என்றும் இனக்கூறு என்றும் பெரிய சொற்களாற் சொல்லுவர். இந்தச் சமாதானம் தவறானது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்து ஆராய்ந்தது. தாய்ப்பால் அருந்தி, நல்லுணவு உண்டு, புகையற்ற வீட்டில், நோய்க்கு உரிய வைத்தியம் பெற்று வளர்ந்த பிள்ளைகளே அதிற் சேர்க்கப்பட்டனர். முடிவு யாதெனில், நோர்வேயின் பிள்ளையும் இந்தியாவின் பிள்ளையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே அளவாகவே வளர்ந்தனர். அந்த அளவுகளே 2006ஆம் ஆண்டில் உலகத்துக்குப் பொதுவான வளர்ச்சி வரைபாக வெளியிடப்பட்டன. ஆதலின், லுணுகலைப் பிள்ளை குட்டையாய் இருப்பதற்குக் காரணம் அதன் இரத்தமன்று. அதற்குக் கிட்டாமற் போனவையே காரணம். கிட்டாமற் போனவற்றைக் கிட்டச் செய்ய முடியும் என்பதே நமக்கு நம்பிக்கை தரும் செய்தி.

கிட்டாமற் போவது எங்கே தொடங்குகிறது? தாயின் உடலிலேயே தொடங்குகிறது. சோகை பிடித்த தாய், போதிய உணவின்றிக் கர்ப்பகாலத்தின் இறுதிவரை மலையேறிய தாய், நிறை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தை ஓட்டப்பந்தயத்தில் சில அடி பின்னே நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போன்றது. கர்ப்பிணிக்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்துக் குளிசையைச் சேலைத்தலைப்பில் முடிந்துவைத்து மறந்துவிடுவது சிறு விஷயம்போலத் தோன்றலாம். அந்தக் குளிசை தாய்க்கும் குழந்தைக்குமாக இருவருக்கு உரியது.

அடுத்தது பால். இங்கேதான் நான் தொடக்கத்திற் கூறிய அந்தக் கை மாறும் கணம் வந்து நிற்கிறது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும், தண்ணீர்கூட, குழந்தைக்கு வேண்டியதில்லை என்று உலகத்து வைத்தியர்கள் ஒருமுகமாகக் கூறுகின்றனர். ஆறு மாதம் என்பது இருபத்தாறு கிழமை. தாய்க்குச் சட்டம் தரும் விடுமுறையோ பன்னிரண்டு கிழமை. மீதிப் பதினான்கு கிழமைக்கு என்ன செய்வது?

சட்டத்தின் கதையையும் சற்றுக் கேளுங்கள். இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. பிற்காலத்திலே பன்னிரண்டு கிழமை விடுமுறை வந்தபோதும், இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பேற்றுக்கு ஆறு கிழமையே கிடைத்தது. மூன்றாவது குழந்தைக்குப் பசி குறைவு என்று எண்ணினார்கள் போலும்! 2018ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கி, எத்தனையாவது பேறாயினும் 84 நாட்கள் என்று ஆக்கிற்று. அன்றியும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலை நாளில் இரண்டு இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. வேலைத்தலத்திற் பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணி நேரத்துக்குக் குறையலாகாது. இல்லாவிடில் ஒரு மணி நேரத்துக்குக் குறையலாகாது. இது எவரும் செய்யும் சலுகையன்று, தாயின் உரிமை.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. தாய் மலையில் இருக்கிறாள். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்ப்போம். ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மூன்று மாதக் குழந்தை. இன்று கொழுந்தெடுக்கும் மலை, பிள்ளைக் காம்பராவிலிருந்து செங்குத்தான வழியில் இருபது நிமிட நடை. இறங்க இருபது நிமிடம். ஏற இருபத்தைந்து நிமிடம். அரை மணி நேர இடைவேளை வழியிலேயே தீர்ந்துபோகிறது. அவள் குழந்தையைப் பார்க்கப் போனால் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகிவிடுமோ என்ற அச்சம். போகாவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது, சட்டை நனைகிறது, கொழுந்தின்மேல் கை போனாலும் மனம் கீழே கிடக்கிறது. இரண்டு கிழமை இப்படிக் கழிந்தால் பால் வற்றத் தொடங்கும். ஏனெனில், குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கும் என்பது இயற்கையின் விதி. அப்பொழுதுதான் கடைக்குப் போய்ப் பால்மாவும் சூப்பிப் போத்தலும் வாங்குகிறார்கள். விலை அதிகமாதலால் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். பீலித் தண்ணீர் காய்ச்சப்படாமற் போகிறது. குழந்தைக்கு வயிற்றோட்டம் வருகிறது. நிறை வரைபிலே ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிடுகிறது. அந்தத் தாயை எவரும் குறை கூற முடியுமா?

இதற்கு வழி இல்லாமலில்லை. மூன்று வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, தோட்டத்து நிருவாகம் செய்யக் கூடியது. பாலூட்டும் தாய்மாருக்கு அன்றன்று பிள்ளைக் காம்பராவுக்கு அண்மையிலுள்ள மலையிலோ நிரையிலோ வேலை கொடுத்தல். இதற்குப் பணம் செலவில்லை. வேலை பிரிக்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் மனம் வைத்தாற் போதும். நடக்கும் நேரத்தை இடைவேளைக் கணக்கிற் சேர்க்காதிருப்பதும், பாலூட்டப் போன நேரத்துக்காக அவளுடைய பேரைக் குறைக்காதிருப்பதும் அதனோடு சேர்ந்தவை.

இரண்டாவது, தாய் செய்யக் கூடியது. வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே கையாற் பாலைப் பீய்ச்சி எடுக்கப் பழகிக்கொள்ளலாம். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீரிற் சுத்தஞ் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்து, நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு மணி நேரம் அது கெடாது. குளிர்சாதனப் பெட்டி இருக்குமாயின் இன்னும் கூடுதலான நேரம் வைக்கலாம். அதனை ஆயம்மா சிறு கோப்பையாலோ கரண்டியாலோ புகட்டலாம். முன்னாளிற் சங்கினாற் புகட்டிய தாய்மாருக்கு இது புதிதன்று. போத்தலின் சூப்பியைக் கழுவுவது கடினம். அதிற் பழகிய குழந்தை மார்பை மறுப்பதும் உண்டு. மாலையில் வீடு திரும்பியதும், இரவிலும், விடியற்காலையிலும் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாம். பால் சுரக்கச் செய்யும் சுரப்பு இரவிலே மிகுதியாதலால், இரவிற் கொடுக்கும் பால் பகலின் குறையையும் பெரிதும் ஈடுசெய்யும்.

மூன்றாவது, வீட்டார் செய்யக் கூடியது. தாய் மலையிலிருந்து இறங்கியதும் விறகும் தண்ணீரும் அடுப்பும் அவளை எதிர்கொண்டால் குழந்தைக்கு நேரம் ஏது? தண்ணீர்க் குடத்தைத் தகப்பன் தூக்கினால் அவனுடைய ஆண்மை குறைந்துவிடாது. அவன் தூக்கும் அந்தக் குடம், குழந்தைக்கு அரை மணி நேரத் தாய்மடியாக மாறுகிறது. மாலையில் அவன் கையிற் செலவாகும் காசும், குடியிற் போகாமல் வீடு சேர்ந்தால், ஒரு கிழமைக்கு வேண்டிய முட்டையாக மாறும்.

ஆறு மாதம் நிறைந்ததும் பாலோடு உணவும் வேண்டும். பிறக்கும்போது குழந்தை தன்னோடு கொண்டுவந்த இரும்புச்சத்துக் கையிருப்பு அப்போது தீர்ந்துபோகிறது. நம் வீடுகளிற் செய்யும் பிழை, உணவைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பது. கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதத்திற் குழைத்த சோறும் பருப்பும், அதிலே ஒரு தேக்கரண்டி எண்ணெய், மசித்த முருங்கைக்கீரை, முட்டை, பொடித்த நெத்தலி, குரக்கன், பயறு இவையெல்லாம் லுணுகலைச் சந்தையிலும் லயத்துக் கொல்லையிலும் கிடைக்கக் கூடியவையே. எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் கொடுக்க வேண்டும். கோதுமை ரொட்டி ஒன்றையே குடும்பம் முழுவதும் நம்பியிருக்கும் வீடுகளிற் குழந்தைக்காகவாவது இந்த வேறுபாடு வேண்டும். 1973ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா, நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. வீட்டிலுள்ள அனைவரும் அதைப் பங்கிட்டு உண்டால், உரியவருக்குக் கிடைப்பது ஒரு பிடி தான்.

உணவைப் பற்றிப் பேசும்போது, தேயிலை நாட்டிற் சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கும் சிறு பிள்ளைக்கும் தேத்தண்ணீர் கொடுக்கலாகாது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாமற் தடுக்கிறது. அழும் பிள்ளைக்குச் சீனி போட்ட சாயத் தண்ணீர் கொடுத்தால் அழுகை ஓயும், இரத்தம் குறையும். உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் நாம், நம் பிள்ளைகளின் வாயிற்கு மட்டும் அதனை அனுப்பாதிருப்போமாக. உணவுண்ட வேளையிற் கர்ப்பிணித் தாயும் தேநீரைத் தவிர்த்து, ஓரிரு மணி நேரம் கழித்து அருந்துவது நன்று.

இனி, பாலும் உணவும் போலவே இன்றியமையாத மற்றொன்றுக்கு வருகிறேன். அது பேச்சும் விளையாட்டும். இவற்றைப் பொழுதுபோக்கென எண்ணுவோர் பலர். தொலைதூரத்து ஜமெய்க்காத் தீவிலே நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கேட்டால் அவ்வெண்ணம் மாறும்.

கரும்புத் தோட்டங்களின் வரலாறு கொண்ட அத்தீவின் தலைநகராகிய கிங்ஸ்ரனில், 1980களின் பிற்பகுதியில், சலி கிரந்தாம் மக்கிரெகர் என்னும் வைத்திய அம்மையாரும் அவருடன் உழைத்தோரும், வறிய குடும்பங்களைச் சேர்ந்த 129 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். அனைவரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, உயரம் குன்றிய பிள்ளைகள். ஒரு பகுதியினருக்குப் பால் உணவு கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினரின் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் சென்று, ஒரு மணி நேரம் இருந்து, பிள்ளையோடு எவ்வாறு பேசுவது, எவ்வாறு விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். விளையாட்டுப் பொருள்கள் வீட்டிலே கழித்த பொருள்களாற் செய்யப்பட்டவை. இன்னொரு பகுதியினருக்கு இரண்டும் கிடைத்தன. மற்றொரு பகுதியினருக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உணவும் விளையாட்டும் சேர்ந்து பெற்ற பிள்ளைகள், உயரம் குன்றாத பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டனர். கதை அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் அப்பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் உழைப்பு ஊதியம், பெறாதவர்களின் ஊதியத்திலும் நூற்றுக்கு 25 பங்கு அதிகமாக இருந்தது. இம்முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிழமைக்கு ஒரு மணி நேரப் பேச்சும் விளையாட்டும் செய்த வேலை அது!

தோட்ட வாழ்க்கையை நினைத்தபடி இந்தச் செய்தியைக் கேளுங்கள். பழைய பிள்ளைக் காம்பரா எத்தகையது? கொழுந்தெடுக்க இயலாத வயது முதிர்ந்த ஆயம்மா ஒருவர். சாரங்களிற் கட்டிய சேலைத் தொட்டில்கள். நடக்கும் பிள்ளைகள் வெளியே ஓடாமல் வாயிலில் ஒரு தடுப்பு. பிள்ளை விழாமல், அழாமல், மாலையில் உயிரோடு தாயிடம் சேர்ந்தாற் போதும் என்பதே அன்றைய இலட்சியம். அந்த ஆயம்மாரை நான் குறை சொல்லேன். கூலிக்குரிய அளவினும் கூடுதலான அன்பை அவர்கள் கொடுத்தார்கள். ஆயினும், காப்பது வேறு, வளர்ப்பது வேறு.

1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட மக்கள் 'ட்ரஸ்ட்' என்று அழைக்கும் நிறுவனமும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. அதன்பின் பல தோட்டங்களிற் பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற பெயர் பெற்றன. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். சுவர்களிற் சித்திரங்கள் வந்தன. பல இடங்களில் உணவும் வந்தது. இது பாராட்டத்தக்க மாற்றம். ஆயினும் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே அளவில் நிகழவில்லை. பெயர்ப்பலகை மாறுவதோடு மாற்றம் நின்றுவிடுமானால், பிள்ளைக்குப் பயனில்லை. நிலையத்துக்குள்ளே நுழைபவர், தரை துப்புரவா, பாத்திரம் துப்புரவா என்று பார்ப்பதோடு மற்றொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே யாராவது பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா?

பேசுவதற்குப் பொருள் வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டை இரண்டு இருந்தால் தாளம். மூடியுள்ள வெற்றுப் போத்தலில் நான்கு பயறு இட்டால் கிலுகிலுப்பை. தீப்பெட்டிகளை அடுக்கினால் புகைவண்டி. கால் கழுவும்போது காலின் பெயரையும், சோறு ஊட்டும்போது சோற்றின் பெயரையும் சொன்னால் அதுவே பாடம். மலையகத்துத் தாய்மாரின் தாலாட்டுக்கும் நாட்டுப் பாடலுக்கும் குறைவில்லை, எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் லயங்களிலே கேட்டுத் தொகுத்துவைத்தவை பல. குழந்தைக்கு முன்னாற் கைபேசியைப் பிடித்துப் படம் காட்டுவதிலும், முகம் பார்த்து ஒரு பாட்டுப் பாடுவது ஆயிரம் மடங்கு மேல். ஏனெனில் குழந்தை 'ங்' என்றால் பாட்டுப் பாடுபவர் திரும்பி 'ங்' என்பார். கைபேசி திரும்பிச் சொல்லாது. இந்தக் கேள்வி பதிலிலேதான் மொழி பிறக்கிறது. அம்புலிப் பருவத்தின் உட்பொருளும் இதுவே: குழந்தை விரலாற் சுட்ட, அது சுட்டியதைத் தாயும் பார்த்தல்.

தாயார் வெளிநாடு சென்று உழைக்க, அம்மாயியிடமோ அப்பாயியிடமோ வளரும் பிள்ளைகளும் ஊவாத் தோட்டங்களில் உண்டு. அம்முதியோர் முன்பே ஒரு தலைமுறையை வளர்த்து முடித்துக் களைத்தவர்கள். அவர்களைத் தனியே விட்டுவிடாமல், நிறை பார்க்கும் நாளுக்கு அழைத்துச் செல்வதும், பிள்ளையைச் சில மணி நேரம் நிலையத்திற் சேர்ப்பதும் அயலாரின் கடமை.

இறுதியாக, கவனிக்க வேண்டிய சில குறிகள். 1926ஆம் ஆண்டில் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, இன்று மருத்துவ மாதின் கால்நடையாக நம் வீட்டு வாயில்வரை வருகிறது. 1978ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பு மருந்தேற்றும் திட்டத்தின் பயனாக, 1993க்குப் பின் நம் நாட்டிற் பிள்ளைவாதம் ஒருவருக்கும் வரவில்லை. குழந்தை பிறந்ததும் தரப்படும் சுகாதாரப் பதிவேட்டைத் தகரப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். மாதந்தோறும் நிறை பார்த்துப் புள்ளியிட்டால், கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, சரிகிறதா என்று எழுத்தறியாதவரும் காணலாம். கோடு படுத்தால் அன்றே கேளுங்கள். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை, ஒலிக்குத் திரும்பாத பிள்ளை, ஒன்பது மாதமாகியும் உட்காராத பிள்ளை, பதினெட்டு மாதமாகியும் நடவாத பிள்ளை, இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை, முன்பு செய்ததை மறந்துவிட்ட பிள்ளை, இவர்களை வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. "தாய்மாமனும் பிந்தித்தான் பேசினான்" என்று காத்திருப்பதில் இழப்பது, திரும்பிவராத காலம். செவி கேளாத பிள்ளைக்கும், கால் வலுவற்ற பிள்ளைக்கும், முந்திச் செய்யும் உதவியே பெரிய உதவி. அப்பிள்ளையை வெட்கத்தினாற் காம்பராவுக்குள் மறைத்துவைப்பது கொடுமையிலும் கொடுமை. அடுப்புப் புகை நிறைந்த ஒற்றைக் காம்பராவிற் குழந்தையைப் படுக்கவைக்காது, சமைக்கும் நேரத்திலாவது முற்றத்துக்கு எடுத்துச் செல்வதும் மறவற்க.

நேயர்களே, தேயிலைச் செடியைப் பற்றி நம் மலைநாட்டாருக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. நாற்று மேடையிலே நிழற்பந்தல் இட்டு, வேர் பிடிக்கும் வரை நீர் தெளித்து, கன்று நட்ட பின்னும் கொழுந்தெடுக்கச் சில ஆண்டுகள் காத்திருக்கிறோம். இளங்கன்றில் அவசரப்பட்டுக் கொழுந்தைக் கிள்ளினால் செடி என்றைக்கும் நிமிராது என்பது கங்காணிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். கன்றுக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுவோமாக.

நாளைக் காலையிலும் லுணுகலை மலைகளிற் பெரட்டு நடக்கும். நாளையும் ஒரு தாய் பிள்ளைக் காம்பராவின் வாயிலில் நின்று குழந்தையை நீட்டுவாள். அவளுக்கு அண்மையான மலையில் வேலையும், உள்ளே குழந்தையின் முகம் பார்த்துப் பேசும் ஒருவரும், மாலையில் தண்ணீர்க் குடம் தூக்கிவைத்த ஒரு கணவனும் இருப்பார்களாயின், அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மலையேறலாம்.